உலர்ந்தால் இறக்கும் மர விதைகள்: காரணங்களும் கையாளும் முறையும்

பலாச்சுளையை உரித்த பின் எஞ்சும் கொட்டைகளை நன்றாகக் கழுவி, செய்தித்தாளில் பரப்பி, வெயில் படாத இடத்தில் மூன்று வாரம் வைத்திருந்து விதைத்தால், பெரும்பாலும் ஒன்றுகூட முளைக்காது. அதே மூன்று வாரத்தில் புளியங்கொட்டையை எப்படிக் காய வைத்தாலும் அதன் முளைப்பு குறையாது; பல ஆண்டு கழித்தும் அது முளைக்கும். பலாக்கொட்டையை அப்படி வைத்தவர் கவனக்குறைவாக நடந்துகொள்ளவில்லை. விதை என்றால் காய வைக்க வேண்டும், ஈரம் இருந்தால் பூசணம் பிடித்துக் கெட்டுவிடும் என்ற, தானியத்திலும் பயறிலும் முழு உண்மையான விதியை அவர் பின்பற்றினார். அந்த விதி ஒரு பகுதி மரங்களுக்குப் பொருந்தாது என்பதே சிக்கல். எந்த விதைக்கு அது பொருந்தாது, ஏன் பொருந்தாது, பொருந்தாத விதையை மரத்தடியிலிருந்து நாற்றங்கால் வரை எப்படி உயிரோடு கொண்டு சேர்ப்பது என்பவற்றை இந்த வழிகாட்டி வரிசையாக விளக்குகிறது.

விதைகளின் மூன்று வகைகள்

இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஈ. எச். ராபர்ட்ஸ் 1973-இல் விதைகளை அவற்றின் சேமிப்புத் தன்மையைக் கொண்டு இரண்டாகப் பிரித்தார். ஈரப்பதத்தை 5 சதவீதம் அளவுக்கு இறக்கினாலும் சேதமின்றி இருப்பவற்றை ‘ஆர்த்தடாக்ஸ்’ என்றும், உலர்த்தினால் இறப்பவற்றை ‘ரிகால்சிட்ரன்ட்’ என்றும் அவர் அழைத்தார். இரண்டாவது சொல்லுக்கு ‘அடங்காதது’, ‘சொன்னபடி கேட்காதது’ என்று பொருள். சேமிப்புக் கிடங்கின் பக்கம் நின்று பார்த்தவரின் சலிப்பு அந்தப் பெயரில் இருக்கிறது. விதையின் பக்கம் நின்று பார்த்தால் அதில் எந்த அடங்காமையும் இல்லை. இந்த வழிகாட்டியில் முதல் வகையை உலர்தாங்கும் விதை என்றும் இரண்டாவதை உலர்தாங்கா விதை என்றும் குறிப்பிடுகிறேன். 1990-இல் எல்லிஸ், ஹாங், ராபர்ட்ஸ் ஆகிய மூவரும் காப்பி விதைகளை ஆராய்ந்து, ஓரளவு உலர்வைத் தாங்கினாலும் அதற்கு மேல் தாங்காத, உலர்ந்த நிலையில் குளிர் பட்டாலும் கெட்டுப்போகிற இடைநிலை வகை ஒன்றைச் சேர்த்தார்கள்.

தேக்கு, வாகை, கருவேலம், சரக்கொன்றை, யூகலிப்டஸ் ஆகியவை உலர்தாங்கும் விதைகளைத் தருபவை. மா, பலா, நாவல், ரப்பர், கோகோ, தேயிலை, துரியன், ரம்புட்டான், லிச்சி, தென்னை, சால் (வட இந்தியக் காடுகளில் வளரும் மரம்), ஓக், செஸ்ட்நட் ஆகியவை உலர்தாங்கா விதைகளைத் தருபவை. விதைத் தாவரங்கள் அனைத்தையும் கணக்கில் எடுத்தால் உலர்தாங்காதவை ஏறத்தாழ 8 சதவீதம்தான் என்று மதிப்பிடப்படுகிறது. ஆனால் இந்தச் சராசரியை நம்பிக் கவலையின்றி இருக்க முடியாது. ஈரமான வெப்பமண்டலக் காடுகளின் மரங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் பங்கு பல மடங்கு உயர்ந்துவிடும்.

குடும்பத்தையோ பேரினத்தையோ பார்த்து முடிவு செய்வதும் ஆபத்தானது. ஐரோப்பிய மேப்பிள் மரங்களில் நார்வே மேப்பிளின் விதை உலர்வைத் தாங்கும். அதே பேரினத்தைச் சேர்ந்த, பார்வைக்கு அதே போன்ற இறக்கை விதைகளைக் கொண்ட சிக்கமோர் மேப்பிளின் விதை தாங்காது. அரோகேரியா பேரினத்திலும் இப்படி மூன்று வகைகளும் காணப்படுகின்றன.

உலர்தாங்கும் விதை தன்னை எப்படி ஆயத்தம் செய்துகொள்கிறது

உலர்தாங்கா விதை ஏன் இறக்கிறது என்பதை அறிய, மற்றது ஏன் இறப்பதில்லை என்பதிலிருந்து தொடங்குவதே எளிது. நீர் வற்றினால் இறப்பதே உயிருள்ள செல்லின் இயல்பு. அந்த இயல்பை மீறுவதற்காக, உலர்தாங்கும் விதை தாய்மரத்தில் இருக்கும்போதே, வளர்ச்சியின் கடைசிக் கட்டத்தில், ஒரு நீண்ட ஆயத்தத்தைச் செய்கிறது.

அந்தக் கட்டத்தில் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோனின் ஆட்சியில் செல்பிரிவு நின்றுவிடுகிறது. மைட்டோகாண்ட்ரியா போன்ற உள்ளுறுப்புகள் தம் மடிப்புகளைக் குறைத்து எளிய வடிவத்துக்குச் சுருங்குகின்றன. சுவாசம் பெரிதும் தணிகிறது. செல்லுக்குள் நீரைத் தேக்கும் பைகளான பெரிய வாக்குவோல்கள் சிறியவையாகப் பிரிந்து, புரதத்தால் நிரம்புகின்றன. செல்லின் மற்ற இடங்களை மாவுப்பொருளும் எண்ணெயும் அடைத்துக்கொள்கின்றன. இதனால் நீர் வெளியேறும்போது செல் காற்றுப் போன பை போல நசுங்குவதில்லை. சுக்ரோஸ், ராஃபினோஸ் போன்ற சர்க்கரைகளும், ‘லீ’ புரதங்கள் எனப்படும் தனிவகைப் புரதங்களும் செல்லுக்குள் சேர்கின்றன. நீர் போகப்போக இவை சவ்வுகளுக்கும் புரதங்களுக்கும் இடையில் நீரின் இடத்தைப் பிடித்துக்கொள்வதோடு, செல்லின் உட்பொருளைக் கெட்டிப் பாகாக்கி, இறுதியில் கண்ணாடி போன்ற நிலைக்குக் கொண்டுசெல்கின்றன. அந்த நிலையில் மூலக்கூறுகள் நகர்வதே அரிது. ஆகவே கேடு விளைவிக்கும் வினைகளும் மிக மெதுவாகவே நடக்கின்றன.

இந்த ஆயத்தத்தின் ஆற்றலுக்கு ஒரு சான்று போதும். சாக்கடல் ஓரத்தில் உள்ள மசாடா கோட்டை அகழாய்வில் கிடைத்த, ஏறத்தாழ 2000 ஆண்டு பழமையான பேரீச்சை விதை ஒன்று 2005-இல் முளைக்க வைக்கப்பட்டது.

உலர்தாங்கா விதைக்குள் நடப்பது

உலர்தாங்கா விதை இந்த ஆயத்தத்தைச் செய்வதில்லை, அல்லது அரைகுறையாகவே செய்கிறது. மரத்திலிருந்து விழும்போது அதன் எடையில் பெரும்பாலும் 30 முதல் 70 சதவீதம் வரை நீராக இருக்கிறது; அதன் செல்கள் முழு வேகத்தில் சுவாசிக்கின்றன; பல இனங்களில் விழுந்த சில நாட்களுக்குள் முளைத்தலுக்கான உள்மாற்றங்கள் தொடங்கிவிடுகின்றன. வெளியிலிருந்து தண்ணீர் கொடுத்து எழுப்ப வேண்டிய தேவைகூட பலவற்றுக்கு இல்லை. சுருங்கச் சொன்னால், அது உறங்கும் விதை அன்று. ஓட்டுக்குள் இருக்கும் நாற்று. வேரோடு பிடுங்கிய நாற்றை நிழலில் காய வைத்தால் என்ன ஆகுமோ, அதுவே இதற்கும் ஆகிறது.

இறப்பு ஒரே வழியில் வருவதில்லை. முதல் சேதம் வெறும் இயந்திரச் சேதம். நீர் வெளியேறும்போது பெரிய வாக்குவோல்கள் சுருங்குகின்றன. செல்லின் சவ்வு சுவரிலிருந்து பிய்ந்து மடிகிறது. செல்லின் உட்சட்டகமாக இருக்கும் நுண்ணிழைகள் குலைகின்றன, நீர் திரும்பக் கிடைத்தாலும் அவை மீண்டும் ஒழுங்காகக் கூடுவதில்லை.

இரண்டாவது சேதமே பெரும்பாலான விதைகளைக் கொல்வது. அதுவே பலருக்கும் தெரியாததும்கூட. ஈரப்பதம் பாதி குறைந்த நிலையில் செல்லின் வளர்சிதை மாற்றம் நின்றுவிடுவதில்லை, தாறுமாறாகத் தொடர்கிறது. சுவாசத்தின் ஒரு படி ஓடும், அடுத்த படி தடைப்படும். இடையில் வழிதவறும் எலக்ட்ரான்கள் ஆக்சிஜனோடு சேர்ந்து, கண்ணில் பட்டதையெல்லாம் தாக்கும் தீவிர ஆக்சிஜன் மூலக்கூறுகளை உண்டாக்குகின்றன. அவற்றை அடக்க வேண்டிய நொதிகளும் அந்த ஈரப்பதத்தில் சரியாக வேலை செய்வதில்லை. சவ்வின் கொழுப்பு, புரதம், டிஎன்ஏ எல்லாம் தாக்கப்படுகின்றன. ஒரு விதை இந்த அரைகுறை ஈர நிலையில் எவ்வளவு நேரம் இருக்கிறதோ அவ்வளவுக்குச் சேதம் கூடுகிறது.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் பட்ரீசியா பெர்ஜாக், நார்மன் பேமன்டர் ஆகியோர் பல ஆண்டுகள் நடத்திய ஆய்வுகள் இதைத் தெளிவாக்கின. விதையிலிருந்து முளைக்கருவின் அச்சுப் பகுதியை (வேராகவும் தண்டாகவும் வளரும் பகுதியை) மட்டும் வெட்டியெடுத்து, வேகமான உலர் காற்றில் சில நிமிடங்கள் முதல் சில மணி நேரத்துக்குள் உலர்த்தினால், அது மிகக் குறைந்த ஈரப்பதம் வரை உயிரோடு இருக்கிறது. அதையே பல நாள் எடுத்து மெதுவாக உலர்த்தினால் மிக அதிகமான ஈரப்பதத்திலேயே இறந்துவிடுகிறது. ஆகவே ‘நிழலில் மெதுவாக உலர்த்துவது விதைக்கு இதமானது’ என்ற எண்ணம் இந்த வகை விதைகளில் தலைகீழான தவறு. முழு விதையோ பெரியது. எவ்வளவு வேகமாகக் காற்றை வீசினாலும் உள்ளே இருக்கும் கரு மெதுவாகத்தான் உலரும்.

மூன்றாவது சேதம் கடைசி நீர் போகும்போது நிகழ்வது. சவ்வைச் சுற்றியும் புரதங்களை ஒட்டியும் இருக்கும் மெல்லிய நீர்ப்படலம் வெளியேறும்போது, கொழுப்பு மூலக்கூறுகள் நெருங்கி, இளகிய நிலையிலிருந்து இறுகிய நிலைக்கு மாறுகின்றன. மீண்டும் நனைக்கும்போது அந்தச் சவ்வு கசிகிறது. இறந்த விதையை ஊறவைத்த தண்ணீர் கலங்கி, வழவழப்பாகி, விரைவில் நாற்றமடிப்பதற்கு இந்தக் கசிவும் ஒரு காரணம்.

இந்த மூன்றையும் அறிந்தால், ‘இந்த இனம் எத்தனை சதவீத ஈரப்பதத்தில் இறக்கும்’ என்ற கேள்விக்கு ஒற்றை எண் ஏன் கிடைப்பதில்லை என்பதும் விளங்கும். பல இனங்கள் 20 முதல் 30 சதவீதத்துக்கு இடையில் உயிரிழக்கின்றன; ஆனால் உலர்ந்த வேகம், வெப்பநிலை, விதையின் முதிர்ச்சி ஆகியவற்றைப் பொறுத்து அந்த எல்லை நகரும். அட்டவணையில் உள்ள எண்ணைப் பாதுகாப்பு எல்லையாகக் கருதாமல், பாதிக்கு மேற்பட்ட விதைகள் ஏற்கெனவே இறந்திருக்கக்கூடிய இடமாகக் கருதுவதே நல்லது.

இயற்கை ஏன் இப்படிச் செய்தது என்ற கேள்விக்கு விடை எளியது. மழை தவறாத காட்டில், மழைக்காலத்தின் தொடக்கத்திலேயே விதையை உதிர்க்கும் மரத்துக்குக் காத்திருக்கும் ஆற்றல் தேவையில்லை. தரையில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் எலிக்கும் வண்டுக்கும் பூசணத்துக்கும் வாய்ப்பு. பெரிய விதை, மெல்லிய தோல், உடனே முளைத்தல் என்ற சேர்க்கை அங்கே வெற்றி தரும்.

படி 1: விதை எந்த வகை என்று மதிப்பிடுதல்

பறிக்கும் முன்பே ஓரளவு ஊகிக்க முடியும். கனி சதைப்பற்றோடு விழுகிறதா, விதை பெரியதா, தோல் மெல்லியதா, மழைக்காலத்தில் உதிர்கிறதா, வெட்டிப் பார்த்தால் உட்பகுதி பச்சைக் காய்கறி போல ஈரமாக இருக்கிறதா என்பவற்றில் பலவற்றுக்கு விடை ‘ஆம்’ என்றால், மாற்றுச் சான்று கிடைக்கும் வரை அதை உலர்தாங்கா விதையாகவே நடத்துங்கள். ஈரமாக வைத்திருந்த உலர்தாங்கும் விதையைப் பிறகும் உலர்த்திக்கொள்ளலாம். உலர்த்திவிட்ட உலர்தாங்கா விதையை மீட்க வழியில்லை.

கணக்கு விரும்புபவர்களுக்கு 2006-இல் டாஸ், கார்வுட், பிரிச்சர்ட் ஆகியோர் 104 மரத்தாவர இனங்களின் தரவிலிருந்து உருவாக்கிய ஒரு சூத்திரம் இருக்கிறது. அதற்கு இரண்டு அளவுகள் போதும்: விதையின் உலர் எடை கிராமில், மற்றும் மொத்த உலர் எடையில் தோலும் ஓடும் எவ்வளவு பங்கு என்பது. எடைக்கு 10-ஐ அடியாகக் கொண்ட மடக்கை எடுத்து 2.156-ஆல் பெருக்கி, அதை 3.269-உடன் கூட்டி, அதிலிருந்து தோலின் பங்கை 9.974-ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். விடை நேர்மறையாக வந்தால் உலர்தாங்கா விதையாக இருக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல். எதிர்மறையாக வந்தால் பாதிக்குக் கீழ். உலர் எடை 4 கிராம், அதில் தோல் 0.6 கிராம் உள்ள ஒரு விதையை எடுத்துக்கொள்வோம். தோலின் பங்கு 0.15, 4-இன் மடக்கை 0.602. கணக்கிட்டால் 3.07 வருகிறது, வாய்ப்பு 95 சதவீதத்துக்கு மேல். மாறாக 0.08 கிராம் எடையில் பாதி தோலாக உள்ள சிறு விதைக்கு விடை கழித்தல் 4.08, வாய்ப்பு 2 சதவீதத்துக்கும் குறைவு. இது ஒரு சாய்வைச் சொல்லும் கணக்கே தவிரத் தீர்ப்பு அன்று. தடித்த ஓட்டோடு இருந்தும் தேங்காய் உலர்தாங்கா வகையைச் சேர்ந்தது என்பதை நினைவில் வைத்தால் போதும்.

படி 2: சேகரிப்பு

உலர்தாங்கா விதைகளில் சேகரிப்பு நாளே சேமிப்பின் முதல் நாள். முழுமையாக முதிர்ந்து, இயல்பாக விழத் தொடங்கும் நேரத்தில் சேகரிக்க வேண்டும். முன்கூட்டியே பறித்த விதை உலர்வை இன்னும் குறைவாகவே தாங்கும். தரையில் பல நாள் கிடந்தது ஏற்கெனவே உலரவோ முளைக்கவோ துளைக்கப்படவோ தொடங்கியிருக்கும். சால் விதைகள் விழுந்த ஒரு வாரம், பத்து நாட்களுக்குள்ளேயே முளைத்திறனை இழக்கக்கூடியவை. அத்தகைய மரத்தடிக்கு வாரம் ஒரு முறை போவது போதாது. முதலில் விழுபவை பெரும்பாலும் பூச்சி துளைத்தவையாக இருப்பதால் அவற்றை விட்டுவிட்டு, மரத்தடியைக் கூட்டிச் சுத்தம் செய்து, ஒரு வலையையோ துணியையோ விரித்து, அடுத்த ஓரிரு நாட்களில் விழுபவற்றை எடுப்பது நல்லது.

சேகரித்த இடத்திலேயே பத்து விதைகளையாவது நெடுக்காக வெட்டிப் பாருங்கள். நல்ல விதையில் வித்திலைகள் கெட்டியாக, ஓட்டை ஒட்டி நிரம்பியிருக்கும். வெட்டிய பரப்பு ஈரத்தில் மினுங்கும். முளைக்கருவின் அச்சு வெள்ளையாகவோ இளம்பச்சையாகவோ வெளிர்மஞ்சளாகவோ இருக்கும். உலர்ந்துகொண்டிருக்கும் விதையில் வித்திலைக்கும் ஓட்டுக்கும் இடையே இடைவெளி தெரியும். காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே இடிக்கும் ஓசை கேட்கும். அச்சு பழுப்பாகிவிட்டால், வித்திலைகள் எவ்வளவு கொழுமையாக இருந்தாலும் அந்த விதையால் பயனில்லை.

படி 3: எடுத்துச் செல்லுதல்

என் கணிப்பில் அதிக விதைகள் இறப்பது கிடங்கில் அல்ல, வண்டியில்தான். கோணிப்பையில் கட்டி வெயிலில் நின்ற வண்டியில் வைத்த விதை ஒருபுறம் உலர்கிறது, மறுபுறம் தன் சுவாசத்தின் சூட்டிலேயே வேகிறது. காற்றுப் புகாமல் இறுக்கிக் கட்டிய பாலித்தீன் பையும் தவறுதான். வேகமாகச் சுவாசிக்கும் விதைக்கு அதில் சில நாட்களில் ஆக்சிஜன் தீர்ந்துவிடும்.

கனி சிறியதாக இருந்தால் கனியாகவே கொண்டுசெல்வது சிறந்தது; சதையே விதைக்கு ஈரப்போர்வை. பிரித்தெடுத்த விதை என்றால், ஈரமான தென்னைநார்த் தூள் அல்லது மரத்தூளோடு கலந்து, சிறு துளைகளிட்ட பாலித்தீன் பையில் பாதியளவு மட்டும் நிரப்பி, தளர்வாகக் கட்டி, நிழலில் வைக்க வேண்டும். தூளின் ஈரத்துக்கு அளவு, கைப்பிடியில் எடுத்து அழுத்தினால் உருண்டை சேர வேண்டும், விரலிடுக்கில் நீர் சொட்டக் கூடாது என்பதே. ஒரு பையில் 5 கிலோவுக்கு மேல் வைக்காமல் இருந்தால் நடுவில் சூடேறாது. பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக் குளிர்விக்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். வெப்பமண்டல விதைகளில் பல குளிரிலும் இறக்கும்.

படி 4: சுத்தம் செய்தல்

சதையைக் கையால் பிசைந்து நீக்கி, ஓடும் நீரில் வழவழப்புப் போகும் வரை கழுவ வேண்டும். சதையின் சர்க்கரை ஒட்டியிருந்தால் பூசணத்துக்கு அதுவே உணவு. கழுவியபின் மேற்பரப்பில் உள்ள நீர்ப்பளபளப்பு மறையும் வரை மட்டும், ஒரு மணி நேரத்துக்கு மிகாமல், நிழலில் பரப்பலாம். தோல் வெளிறத் தொடங்கினால் தாமதமாகிவிட்டது என்று பொருள். தண்ணீரில் மிதப்பவற்றை எறியும் வழக்கம் ஓக் விதைகளில் பயன்படும் என்றாலும், சற்றே உலர்ந்த நல்ல விதையும் மிதக்கும் என்பதால், ஒரு நாள் ஊறவிட்டு, அப்போதும் மிதப்பவற்றில் சிலவற்றை வெட்டிப் பார்த்த பிறகு முடிவெடுப்பது முறை.

படி 5: ஈரப்பதத்தை அளத்தல்

ஊகத்தால் உலர்தாங்கா விதையைக் காப்பாற்ற முடியாது. ஒரு துல்லியத் தராசும் வெப்ப அடுப்பும் இருந்தால் போதும். விதையைச் சிறு துண்டுகளாக வெட்டி, உடனே எடைபோட்டு, 103 டிகிரி செல்சியஸில் 17 மணி நேரம் வைத்து, ஆறவிட்டு மீண்டும் எடைபோட வேண்டும். குறைந்த எடையைத் தொடக்க எடையால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் ஈரப்பதம் கிடைக்கும். 8.00 கிராம் துண்டுகள் 3.60 கிராமாகக் குறைந்தால், 4.40 நீர், ஈரப்பதம் 55 சதவீதம்.

இங்கே இரண்டு பொறிகள் உள்ளன. ஒன்று, விதைகளை ஒன்றாகக் கொட்டிச் சராசரி எடுப்பது. ஒரே மரத்தின் விதைகளிலும் ஒன்று 45 சதவீதத்திலும் மற்றொன்று 25 சதவீதத்திலும் இருக்கலாம். சராசரி 35 என்பது இரண்டில் எதைப் பற்றிய உண்மையும் அன்று. ஆகவே ஒவ்வொரு விதையையும் தனியே அளக்க வேண்டும். மற்றொன்று, கருவும் வித்திலையும் ஒரே ஈரத்தில் இருப்பதில்லை. பல இனங்களில் அச்சு வித்திலையைவிட ஈரமாக இருக்கும். முழு விதையின் எண்ணில் பெரும் பங்கு வித்திலையினுடையதே. முடிந்தால் அச்சைத் தனியே பிரித்து அளந்து பாருங்கள்.

சேமிப்பின்போது ஒவ்வொரு முறையும் அடுப்பில் வைக்கத் தேவையில்லை. எடையை வைத்தே கணிக்கலாம். தொடக்க எடையை, 100-இலிருந்து தொடக்க ஈரப்பதத்தைக் கழித்த எண்ணால் பெருக்கி, 100-இலிருந்து எல்லை ஈரப்பதத்தைக் கழித்த எண்ணால் வகுக்க வேண்டும். 55 சதவீத ஈரமுள்ள 1000 கிராம் விதை 40 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது என்றால், 1000 × 45 ÷ 60, அதாவது 750 கிராம் என்பது அபாய எடை. பையின் மேல் இந்த எண்ணை எழுதி வைத்துவிட்டால், யாரும் எடைபோட்டுப் பார்த்து எச்சரிக்கை அடையலாம்.

படி 6: நூறு விதைச் சோதனை

இனத்தைப் பற்றிய தகவல் எங்கும் கிடைக்கவில்லை என்றால் நீங்களே சோதித்துவிடலாம். 2004-இல் பிரிச்சர்டும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட சோதனை முறைக்கு 100 விதைகள் போதும். அதை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்: 10 விதைகள் தொடக்க ஈரப்பதம் அறிய, 26 விதைகள் அப்படியே விதைத்து தொடக்க முளைப்பை அறிய, 32 விதைகள் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வைத்து உலர்த்த, 32 விதைகள் ஈரமான ஊடகத்தில் அதே வெப்பநிலையில், அதே கால அளவுக்கு வைத்திருக்க. காலம் முடிந்ததும் பின்னிரண்டு குழுக்களிலும் 6 விதைகளை ஈரப்பதத்துக்கும் 26 விதைகளை முளைப்புக்கும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது குழுவைப் பலர் விதையை வீணாக்குவதாக எண்ணி விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் சோதனையே இல்லை. உலர்த்திய குழு முளைக்கவில்லை என்றால், உலர்ந்ததால் இறந்ததா, அந்தக் கால அளவு கடந்ததாலேயே இறந்ததா என்று சொல்ல முடியாது. ஈரக் குழு முளைத்து உலர் குழு முளைக்காதபோதுதான் உலர்வைக் குற்றம் சொல்லலாம். முளைக்காதவை உறக்கத்தில் இருக்கின்றனவா இறந்துவிட்டனவா என்ற ஐயத்துக்கு, வெட்டிய கருவை 1 சதவீத டெட்ரசோலியம் கரைசலில் இருட்டில் வைத்துப் பார்க்கலாம். சுவாசிக்கும் திசு சிவக்கும், இறந்த திசு நிறம் மாறாது.

படி 7: குறுகிய காலச் சேமிப்பு

உலர்தாங்கும் விதைகளில், குறிப்பிட்ட எல்லைக்குள் ஈரப்பதத்தை 1 சதவீதம் குறைத்தாலும் வெப்பநிலையை 5 டிகிரி குறைத்தாலும் ஆயுள் இரட்டிப்பாகும் என்று ஹாரிங்டன் என்ற விதை ஆய்வாளரின் பெயரால் ஒரு விதி உண்டு. உலர்தாங்கா விதையில் அந்த விதியின் இரண்டு கைகளும் கட்டப்பட்டிருக்கின்றன. ஈரத்தைக் குறைக்க முடியாது. வெப்பநிலையையும் ஓரளவே குறைக்கலாம். கோகோ உள்ளிட்ட வெப்பமண்டல விதைகள் பலவும் 10 முதல் 15 டிகிரிக்குக் கீழே குளிர்ச்சேதம் அடைவதால், அவற்றுக்கு 15 முதல் 20 டிகிரி வரையிலான அறையே ஏற்றது. மிதவெப்ப மண்டல மரங்களின் நிலை வேறு: ஐரோப்பாவில் ஓக் விதைகளை, 41 டிகிரி வெந்நீரில் இரண்டரை மணி நேரம் மூழ்கவைத்து உட்பூசணத்தைக் கொன்ற பின், 40 சதவீதத்துக்குக் குறையாத ஈரப்பதத்தோடு கழித்தல் 3 டிகிரி அளவில் வைத்து இரண்டு, மூன்று குளிர்காலங்கள் வரை காக்கிறார்கள்.

சேமிப்புப் பை மெல்லிய பாலித்தீனாக இருக்கட்டும். வாரம் ஒரு முறை திறந்து, காற்றாட விட்டு, கெட்டவற்றைப் பொறுக்கி எறிந்து, எடைபோட்டு மூடுங்கள். பூசணத்தைக் கண்டு அஞ்சி உலர்த்தப் போவதுதான் இந்தக் கட்டத்தில் வழக்கமாக நேரும் தவறு. பூசணத்துக்கு மருந்து பூசணக்கொல்லியும், சுத்தமும், காற்றும், வெயில் அன்று.

எவ்வளவு சரியாக வைத்தாலும் ஈரச் சேமிப்பில் விதை இறக்கத்தான் செய்யும். காரணம் விந்தையானது. முளைத்தல் உள்ளே நகர்ந்துகொண்டே இருப்பதால் விதையின் நீர்த்தேவை நாளுக்கு நாள் கூடுகிறது. பைக்குள் கூடுதல் நீர் கிடையாது. ஆகவே எடை சிறிதும் குறையாத விதைகூட மெல்ல வறட்சியில் வாடுகிறது. முளைவேர் எட்டிப்பார்க்கத் தொடங்கிய விதையைச் சேமிக்க முயல்வதை நிறுத்தி விதைத்துவிட வேண்டும். காலம் கடத்த வேண்டிய கட்டாயம் இருந்தால், முளைக்கவிட்டு, அடர் நிழலில் குறைந்த உரத்தோடு நாற்றாகவே வைத்திருப்பது விதையாக வைத்திருப்பதைவிட நம்பகமானது. வெப்பமண்டலக் காட்டின் தரையிலும் இதுவே நடக்கிறது. அங்கே மண்ணில் இந்த மரங்களின் விதைகள் தேங்கிக் கிடப்பதில்லை, நிழலில் நாற்றுகள் காத்து நிற்கின்றன.

படி 8: விதைத்தல்

இந்தப் படி குறுகியது. கிடைத்த நாளிலோ மறுநாளோ விதையுங்கள். பெரிய விதைகளைப் படுக்கை வாட்டில், விதையின் பருமன் அளவே ஆழத்தில் வைத்து, மேற்பரப்பு காயாதபடி ஈரத்தூளோ சருகோ மூடி, நிழல் கொடுக்க வேண்டும். மாங்கொட்டையின் ஓட்டை ஓரத்தில் கீறி உள்விதையை எடுத்து விதைத்தால் விரைவாகவும் சீராகவும் முளைக்கும். ஆனால் ஓட்டை நீக்கிய விதை சில மணி நேரத்திலேயே உலரும் என்பதால், விதைக்கும் இடத்தில் வைத்துத்தான் ஓட்டை உடைக்க வேண்டும். சற்றே வாடிய விதையை ஒரு நாள் ஊறவைத்தால் எடை திரும்பிவிடும். ஆனால் இழந்த வீரியம் முழுவதும் திரும்பாது. அந்த நாற்றுகளைத் தனிப் பாத்தியில் வைப்பது நல்லது.

இடைநிலை விதைகளும் வேம்பின் வழக்கும்

காப்பி, பப்பாளி போன்ற இடைநிலை விதைகள் 10 சதவீதம் அளவு வரை உலர்வைத் தாங்குகின்றன. அதற்குக் கீழேயும், உறைநிலைக்குக் கீழேயும் கெடுகின்றன. வேம்பைப் பற்றிய ஆய்வுகள் பல காலம் ஒன்றோடொன்று மோதின: ஒரு குழு உலர்தாங்கும் என்றது, இன்னொன்று தாங்காது என்றது, மற்றொன்று இடைநிலை என்றது. காயின் முதிர்ச்சி, உலர்த்திய வேகம், வைத்த குளிர் ஆகியவை வேறுபட்டதோடு, சோதித்த முறையிலும் ஒரு காரணம் ஒளிந்திருந்தது. நன்றாக உலர்ந்த வேப்பவிதையைச் சட்டென்று தண்ணீரில் போட்டால், இறுகிய சவ்வுகள் இளகும் முன்பே நீர் பாய்ந்து செல்கள் கிழிகின்றன. உலர்வில் பிழைத்த விதை நனைப்பதில் இறந்துவிட, பழி உலர்த்தலின் மேல் விழுந்தது. ஆகவே ஐயத்துக்குரிய எந்த உலர்ந்த விதையையும், மூடிய பெட்டியில் ஈரத்துணிக்கு மேலே, நீர் தொடாத வலையில் ஓரிரு நாள் வைத்து, காற்றின் ஈரத்தை மெல்ல உறிஞ்சவிட்ட பிறகே ஊறவைக்க வேண்டும்.

நீண்ட காலக் காப்பு

2008-இல் நார்வேயில் திறக்கப்பட்ட ஸ்வால்பார்ட் விதைப் பெட்டகமும், 2000-இல் திறக்கப்பட்ட, இங்கிலாந்தின் கியூ தாவரவியல் பூங்காவின் மில்லினியம் விதை வங்கியும் உலர்த்தி உறைய வைக்கும் முறையில் இயங்குபவை. கழித்தல் 18 அல்லது 20 டிகிரியில் உலர்தாங்கா விதையை வைத்தால், அதன் நீரே பனிப்படிகமாகி செல்களைக் கிழித்துவிடும். இவற்றுக்கு இப்போது உள்ள ஒரே நீண்ட கால வழி திரவ நைட்ரஜன். முழு விதைக்குப் பதில் சில மில்லிமீட்டர் நீளமுள்ள கரு அச்சை வெட்டியெடுத்து, மின்னல் வேகத்தில் உலர்த்தி, கழித்தல் 196 டிகிரிக்குச் சட்டென்று குளிர்வித்து, தேவைப்படும்போது சோதனைக் குழாயில் வளர்க்கிறார்கள். பனிப்படிகம் உண்டாகாத அளவு உலர்ந்திருக்க வேண்டும், உலர்வே கொல்லாத அளவு ஈரமாகவும் இருக்க வேண்டும். அந்த இடுக்கு ஒவ்வொரு இனத்துக்கும் வேறு. பல இனங்களில் வெட்டும் காயத்திலேயே தண்டு முனை இறந்து, வேர் மட்டும் விட்டு நின்றுவிடுகிறது. இந்த வசதி இல்லாதவர்களுக்கு உள்ள வழி, பல தாய்மரங்களின் நாற்றுகளைக் கலந்து நட்டு ஒரு தோப்பாகவே காப்பதுதான். அதற்கு ஒரே மரத்தடியில் ஆயிரம் விதை பொறுக்குவதைவிட, தள்ளித் தள்ளி நிற்கும் முப்பது மரங்களிலிருந்து முப்பது முப்பதாக எடுப்பதும், ஒவ்வொரு பையிலும் தாய்மரத்தின் எண்ணையும் சேகரித்த நாளையும் அபாய எடையையும் எழுதுவதும் பயன் தரும்.